ரோமாபுரியின் கற்கள் யாருடைய சொத்து?

ரோமாபுரிக்குப் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விதமாகப் பேசுகிறார்கள். கொலோஸியம் என்னும் பெரிய அரங்கத்தின் உயரத்தைச் சொல்வார்கள், அர்ச். இராயப்பர் பேராலயத்தின் விஸ்தாரத்தைச் சொல்வார்கள்; வாட்டிகன் பொருட்காட்சிசாலையில் நடந்து நடந்து கால் வீங்கிய கதையைச் சொல்வார்கள். எத்தனை அடி, எத்தனை வருஷம், எத்தனை சிலை என்ற கணக்குக்கு மேல் அவர்கள் பேச்சு ஏறுவதில்லை. கணக்கு பொய்யன்று, ஆயினும் அது போதாது. ஒரு சிற்பத்தின் முன் நிற்கும்போது அது அழகாயிருக்கிறதா என்று கேட்பது முதற் கேள்வி. இது இங்கே எப்படி வந்தது, இதுநாள் வரையில் இதைக் காத்தவர் யார் என்பவை அடுத்த இரண்டு கேள்விகள். பின்னிரண்டையும் கேளாமல் ரோமாபுரியைப் பார்த்தவன், தஸ்தாவேஜின் முத்திரையைப் பார்த்துவிட்டு வாசகத்தைப் படியாமல் திரும்பினவனுக்கு ஒப்பாவான்.

இது வெறும் பண்டித விசாரமன்று. பிறர் பொருளை வாரிக் குவித்த நகரங்களில் ரோமாபுரி முதன்மையானது. தன் பொருளைப் பிறர் வாரிக்கொண்டு போகப் பார்த்து நின்ற நகரங்களிலும் அது முதன்மையானதே. ஒரே நகரம் வாதியாகவும் பிரதிவாதியாகவும் கூண்டில் ஏறிய வழக்கு சரித்திரத்தில் அதிகமில்லை. புராதனப் பொருள் வென்றவனுக்கும் உரியதன்று, விலை கொடுத்தவனுக்கும் உரியதன்று, ஜனசமூகத்துக்கே உரியது என்ற கொள்கையை அந்த நகரம் ஏட்டிலிருந்து கற்கவில்லை. இரு பக்கமும் நின்று பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் படிப்பு முடிய ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்கள் ஆயின. நகரைச் சுற்றிப் பார்ப்பவன் அந்தப் படிப்பைக் கல் கல்லாக வாசிக்கலாம்.

யாத்திரையைக் கப்பிட்டோலியக் குன்றிலிருந்து தொடங்குவது நலம். அதன் உச்சியில் மைக்கேல் ஆஞ்சலோ வகுத்த சதுக்கம் இருக்கிறது. நடுவில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மார்க்கஸ் ஔரேலியஸ் சக்கரவர்த்தியின் உருவம் பிரதி. மூல வெண்கலச் சிலை பக்கத்திலுள்ள பொருட்காட்சிசாலைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. குதிரைமேல் அமர்ந்த பழைய சக்கரவர்த்திகளின் வெண்கல உருவங்கள் அநேகமாய் எல்லாம் உருக்கப்பட்டுப் போயிருக்க, இது மட்டும் தப்பியது எவ்வாறு? கிறிஸ்து மதத்தை ஆதரித்த கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் உருவம் என்று மத்திய காலத்து ஜனங்கள் இதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆள் மாறாட்டத்தினால் ஒருவன் தூக்குமேடைக்குத் தப்பின கதை இது.

அந்தக் காட்சிசாலையின் பிறப்பே கவனிக்கத்தக்கது. 1471-ம் வருஷத்தில் போப்பாண்டவர் நான்காம் ஸிக்ஸ்துஸ், லாத்தரன் அரண்மனையருகே இருந்த வெண்கல உருவங்கள் சிலவற்றை ரோமாபுரி ஜனங்களுக்கு அளித்தார். பெண் ஓநாயின் உருவமும், காலில் தைத்த முள்ளை எடுக்கும் சிறுவனின் உருவமும் அவற்றுள் சேர்ந்தவை. இதைக் குறித்துப் பொறித்த லத்தீன் சாசனத்தில் ஒரு விசேஷமுண்டு. தானம் செய்ததாகச் சொல்வதோடு அது நிற்கவில்லை. இவை எந்த ஜனங்களிடையே தோன்றினவோ அந்த ஜனங்களுக்கே திருப்பிக் கொடுக்கப்படுவதாகவும் சொல்லுகிறது. கோர்ட்டுக் கச்சேரிப் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த வேற்றுமை உடனே விளங்கும். தானம் என்றால் கொடுத்தவனுடைய சொத்து என்று ஏற்படும். திருப்பிக் கொடுத்தல் என்றால் ஆதி முதலே வாங்கினவனுடைய பாத்தியதை என்று ஏற்படும். பதினைந்தாம் நூற்றாண்டில், ஜனநாயகம் என்ற பேச்சே ஐரோப்பாவில் பெரும்பாலும் எழாத காலத்தில், சர்வாதிகாரமுள்ள ஒரு மதகுரு அச்சொல்லைக் கல்லில் பொறிக்க இணங்கினார். எனினும் பொதுஜனங்கள் உள்ளே நுழைந்து பார்க்கும் காட்சிசாலையாக அது திறக்கப்பட்டது 1734-ம் வருஷத்தில்தான். பாத்தியதை கைக்கு வர 263 வருஷம் பிடித்தது.

குன்றின் பின்புறம் இறங்கினால் பழைய ரோமாபுரியின் பொதுச் சதுக்கமாகிய போரம் கண்முன் விரிகிறது. தூண்கள் மூன்று இங்கே, எட்டு அங்கே, இடையிலெல்லாம் சிதறிய பளிங்குத் துண்டங்கள். இந்தப் பாதையின் கடைசியில் டைட்டஸ் சக்கரவர்த்தியின் ஜயத் தோரணம் நிற்கிறது. அதன் உட்புறச் சுவரை அண்ணாந்து பார்க்க வேண்டும். கி.பி. 70-ல் எருசலேம் நகரை அழித்து, அங்கிருந்த ஆலயத்தின் ஏழு கிளை விளக்கையும் எக்காளங்களையும் ரோமாபுரிச் சிப்பாய்கள் தோளில் சுமந்து வரும் ஊர்வலத்தை அங்கே செதுக்கியிருக்கிறார்கள். செய்த கொள்ளையை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குச் சிறிதுமில்லை. அது கீர்த்தி என்றே கருதினார்கள். ரோமாபுரியில் வாழ்ந்த யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தோரணத்தின் கீழ் நடப்பதில்லை என்ற வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கல்லில் செதுக்கிய அவமானத்துக்கு நிராயுதபாணிகள் செய்த ஆட்சேபம் அது.

தோரணத்தைத் தாண்டியதும் எதிர்ப்படுவது கொலோஸியம். வெஸ்பாஸியன் சக்கரவர்த்தி தொடங்க, அவர் மகன் டைட்டஸ் 80-ம் வருஷத்தில் திறந்துவைத்தார். உயரம் சுமார் 157 அடி. ஐம்பதினாயிரம் பேர் அமர்ந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். யுத்தத்தில் கிடைத்த கொள்ளைப் பொருளைக்கொண்டு கட்டப்பட்டது என்பது அங்கிருந்த பழைய சாசனமொன்றின் தடயங்களிலிருந்து ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. தோரணத்தில் காணும் பொன்விளக்கும் இந்த அரங்கமும் ஒரே கணக்கின் வரவும் செலவும் ஆகும்.

எல்லாம் கொள்ளையாகவே வந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. போரத்தின் ஓரத்தில் மாக்ஸென்ஷியஸ் கட்டிய பிரம்மாண்டமான சபா மண்டபத்தின் மூன்று வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அதன் அடியில் டொமிஷியன் காலத்து மிளகுப் பண்டகசாலையின் சுவர்களைக் கண்டிருக்கிறார்கள். அந்த மிளகு வந்தது சேர நாட்டு முசிறி முதலிய துறைமுகங்களிலிருந்து. இந்தியா வருஷந்தோறும் தம் நாட்டிலிருந்து ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இழுத்துக்கொள்கிறது என்று பிளினி என்ற ரோமாபுரி ஆசிரியர் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். எருசலேமின் விளக்குக்கு வாள் கொடுத்த ரோமாபுரி, நம் மலைநாட்டு மிளகுக்குப் பொன்னை எண்ணிக் கொடுத்தது. ஒரே வீதியில், சில நிமிஷ நடைக்குள், கொள்ளைக்கும் வியாபாரத்துக்கும் உள்ள பேதத்தை இப்படி வேறெங்கும் பார்ப்பது அரிது.

இனி அழிவின் கதை. ரோமாபுரியை அழித்தவர்கள் வடக்கேயிருந்து வந்த நாகரிகமற்ற கூட்டத்தார் என்று பள்ளிக்கூடத்துப் புஸ்தகங்கள் கற்பிக்கின்றன. அவர்கள் சூறையாடியது மெய்யே. ஆனால் கட்டடங்களைக் கல் கல்லாகக் கழற்றியவர்கள் அவர்களல்லர், அந்நகரத்தாரே. கொலோஸியத்தின் சுவரெங்கும் காணும் துவாரங்கள், கற்களைப் பிணைத்திருந்த இரும்பைத் தோண்டி எடுத்ததால் உண்டானவை. 1349-ம் வருஷத்துப் பூகம்பத்தில் சரிந்த தென்புறத்துக் கற்கள் அரண்மனைகளுக்கும் ஆலயங்களுக்கும் போயின. பளிங்குச் சிலைகள் காளவாயில் வெந்து சுண்ணாம்பாயின. ஓவியர் ராபேல், தமது கடைசி வருஷங்களில் போப்பாண்டவர் பத்தாம் லியோவுக்கு எழுதிய விண்ணப்பத்தில், கண்முன்னே எழும்பும் புது ரோமாபுரி முழுவதும் பழைய பளிங்கைச் சுட்ட சுண்ணாம்பினால் கட்டப்படுகிறது என்று முறையிட்டார். புராதனப் பொருள்களை மேற்பார்க்கும்படி அந்தப் போப்பாண்டவரே அவரை நியமித்திருந்தார். முறையீடு பலிக்கவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, எட்டாம் உர்பன், பாந்தியன் ஆலயத்து முகமண்டபத்தின் வெண்கல உத்தரங்களைப் பெயர்த்து உருக்கிப் பெரும்பாகத்தைப் பீரங்கி வார்க்க உபயோகித்தார். பகைவன் செய்யாத சேதத்தைப் பாதுகாவலன் செய்தான் என்று அக்காலத்து ரோமாபுரியார் பரிகசித்ததில் வியப்பில்லை.

அந்தப் பாந்தியன் இன்று எப்படி நிற்கிறது என்று பார்ப்பவர்கள், ஆலயங்கள் செய்த உபகாரத்தையும் மறக்கக் கூடாது. ஹேட்ரியன் காலத்தில் எழும்பிய இந்தக் கும்மட்டத்தின் குறுக்களவு 142 அடி. தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. இரும்புக் கம்பியின் உதவியின்றிக் காங்கிரீட்டினால் அமைந்த கும்மட்டங்களில் இதைவிடப் பெரியது இன்றளவும் உலகத்தில் இல்லை. உச்சியில் மூடாத வட்டத் துவாரம். அதன் வழியே வெயிலும் விழும், மழையும் விழும். 609-ம் வருஷத்தில் இது மாதா கோவிலாக மாற்றப்பட்டது. அன்று முதல் வழிபாடு நடந்துவந்ததால்தான் கற்களுக்காக எவரும் இதைப் பிரித்துப் போடவில்லை. உபயோகத்திலுள்ள வீட்டைக் கரையான் எளிதில் தின்பதில்லை. ராபேலின் சமாதியும் இங்கேதான் இருக்கிறது. 2023-ம் வருஷம் முதல் பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு அது இல்லை.

கொலோஸியத்துக்குச் சமீபத்திலுள்ள ஸான் கிளெமெந்தே ஆலயத்தையும் தவற விடலாகாது. மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோவில். படியில் இறங்கினால் நாலாம் நூற்றாண்டுக் கோவில். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடங்களும், மித்ரன் என்னும் தெய்வத்தை வழிபட்ட குகைபோன்ற ஸந்நிதியும் காண்கின்றன. அடியில் எங்கோ நீர் ஓடும் சப்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். மண்மூடிப் போயிருந்த இவற்றை 1857-ம் வருஷம் முதல் தோண்டி வெளிப்படுத்தியவர் முல்லூலி என்ற ஐரிஷ் பாதிரியார். ஆங்கில ஆதிக்கத்தில் தம் நாட்டில் மதத்தைப் பகிரங்கமாக அனுஷ்டிக்க இயலாமற் போன ஐரிஷ் டொமினிக்க சபையாருக்குப் பதினேழாம் நூற்றாண்டில் இக்கோவில் ஒப்படைக்கப்பட்டது. நாடிழந்து வந்தவர்கள் பிறர் நாட்டின் மூன்று அடுக்குச் சரித்திரத்தைக் காத்துக் கொடுத்தார்கள்.

ரோமாபுரியின் மிகச் சிறந்த சித்திரங்கள் சிலவற்றைக் காணப் பணமே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரவாஜியோ என்ற ஓவியர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய சித்திரங்கள், எந்தச் சுவருக்காக எழுதப்பட்டனவோ அந்தச் சுவரிலேயே, எந்த வெளிச்சத்தை எண்ணி எழுதப்பட்டனவோ ஏறக்குறைய அந்த வெளிச்சத்திலேயே தொங்குகின்றன. பிரெஞ்சுக்காரரின் ஸான் லூயிஜி ஆலயத்தில் அர்ச். மத்தேயுவின் சரிதம் மூன்று படங்களாக இருக்கிறது. ஸாந்த அகோஸ்தினோ ஆலயத்தில், வாசற்படியில் நிற்கும் மாதாவின் முன் ஏழை யாத்திரிகர் இருவர் முழந்தாளிட்டிருக்கிறார்கள்; புழுதி படிந்த உள்ளங்கால்கள் பார்ப்பவன் முகத்துக்கு நேராகத் தெரிகின்றன. பெட்டியில் ஒரு நாணயம் போட்டால் சில நிமிஷத்துக்கு விளக்கு எரியும். ஒருவர் போட்ட நாணயத்தின் வெளிச்சத்தில் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். பொதுச் சொத்து என்பதன் தாத்பரியத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. பல ஆலயங்கள் நடுப்பகலில் சாத்தப்படும். ஆகையால் காலையிலே போவது உசிதம். தோளும் முழங்காலும் மூடிய உடையோடு போவது மரியாதை.

வாட்டிகன் பொருட்காட்சிசாலையில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியாமல் தத்தளிக்கிறவர்கள், லாவகூன் சிற்பத்தை மட்டுமாவது நின்று பார்க்கவேண்டும். பாம்புகள் சுற்றிப் பிணித்த தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் திமிறும் கோலம் அது. 1506-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒரு திராக்ஷைத் தோட்டத்தில் அகப்பட்டது. மைக்கேல் ஆஞ்சலோ ஓடிப்போய்ப் பார்த்தார். இரண்டாம் ஜூலியஸ் வாங்கினார். வாட்டிகன் காட்சிசாலைக்கு அதுவே வித்து. 1797-ம் வருஷத்தில் நெப்போலியன் படைபலத்தால் போப்பாண்டவரிடம் டொலெந்தீனோ உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினான். நூறு கலைப்பொருள்களும் ஐந்நூறு ஏட்டுச் சுவடிகளும் பிரான்ஸுக்குச் சேர வேண்டியது என்று ஏற்கெனவே விதித்திருந்த நிபந்தனை அதில் உறுதியாயிற்று. லாவகூனும் போயிற்று. 1798-ல் பாரிஸ் வீதிகளில் அவற்றை ஊர்வலம் விட்டுக் கொண்டாடினார்கள். டைட்டஸின் தோரணத்தில் செதுக்கிய காட்சி அன்று திரும்ப நடந்தது. ஆனால் இம்முறை சுமந்து செல்லப்பட்டது ரோமாபுரியின் பொருள்.

பலவந்தத்தால் பெற்ற கையெழுத்து செல்லுமா என்பது எந்தச் சட்ட மாணாக்கனும் விடை சொல்லக்கூடிய கேள்வி. பிரெஞ்சுக்காரருக்குள்ளேயே நேர்மையாளர் இல்லாமற் போகவில்லை. காத்ருமேர் த கின்ஸி என்பவர் 1796-ம் வருஷத்திலேயே கடிதங்களாக ஒரு நூல் வெளியிட்டு, ரோமாபுரி முழுவதுமே ஒரு பொருட்காட்சிசாலை, அதன் மலைகளும் வீதிகளும் வெளிச்சமுங்கூட அதில் சேர்ந்தவை, அவற்றைவிட்டுச் சிலையை மட்டும் பெயர்த்தால் அறிவு பெயராது என்று வாதித்தார். ஜயம் பெற்றுவரும் தன் நாட்டுச் சேனையை எதிர்த்து இப்படி எழுதுவதே தேசபக்தியின் உயர்ந்த பக்ஷம் என்பது நம் அபிப்பிராயம். நெப்போலியன் வீழ்ந்த பின், 1815-ல் சிற்பி கனோவா பாரிஸுக்குத் தூது போய் வாதாடிப் பலவற்றை மீட்டார். லாவகூன் திரும்பியது, எல்லாம் திரும்பவில்லை. இழந்து பெற்றவர்களுக்குப் புத்தி வந்தது. 1820-ம் வருஷத்தில் கர்தினால் பாக்கா பிறப்பித்த உத்தரவு, அனுமதியின்றிப் புராதனப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்றும், இருப்பவற்றுக்கு ஜாபிதா எடுக்கவேண்டும் என்றும் விதித்தது.

ஆயினும் அரசன் கையிலிருந்தால் ஆபத்து, தனவந்தன் கையிலிருந்தால் பத்திரம் என்று எண்ணுவோருண்டு. அவர்கள் பொர்கேஸே மாளிகையைப் பார்க்கவேண்டும். கர்தினால் ஷிப்பியோனே பொர்கேஸே நல்ல ரஸிகர். பெர்னினியின் இளமை மேதையைப் போஷித்தவர். ஓடும் பெண்ணின் விரல்நுனிகள் இலைகளாகத் தளிர்க்கும் பளிங்குச் சிலை அவர் ஆதரவில் உண்டானதே. அதே ரஸிகருக்காக 1608-ம் வருஷத்தில் பெருஜியா நகரத்து ஆலயமொன்றிலிருந்து ராபேலின் சித்திரத்தை இராக்காலத்தில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஊரார் கூக்குரலிட்டார்கள், கர்தினாலின் மாமனாகிய போப்பாண்டவர், அது மருமகனுடைய சொந்தப் பொருள் என்று தீர்ப்பளித்தார். இரண்டு நூற்றாண்டு கழித்து, 1807-ல், அந்தக் குடும்பத்து வாரிசு தம் மைத்துனனாகிய நெப்போலியனுக்கு நூற்றுக்கணக்கான பழஞ்சிலைகளை விற்றுவிட்டார். அவை பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கின்றன. மிச்சத்தை மாளிகையோடு இத்தாலிய சர்க்கார் 1902-ல் விலைக்கு வாங்கிய பிறகுதான் அது பொதுஜனங்களுடையதாயிற்று. ரஸிகத்தன்மை காவலாகாது என்பதற்கு இதைவிடச் சாக்ஷி வேண்டியதில்லை.

அந்தச் சர்க்கார் எப்படி உண்டாயிற்று என்பதை அறிய ஜனிக்குலம் குன்றுக்கு ஏறவேண்டும். நம் நாட்டுத் தேசபக்தர்கள் போற்றிப் படித்த மாஜினி 1849-ல் ரோமாபுரியில் குடியரசு நடத்தியதும், கரிபால்டி அதைக் காக்கப் பிரெஞ்சுச் சேனையோடு பொருததும் இங்கே. குடியரசு தோற்றது. 1870-ல் நகரம் இத்தாலியோடு சேர்ந்தது. 1909-ம் வருஷத்துச் சட்டத்தில், பொது ஸ்தாபனங்களின் கையிலுள்ள புராதனப் பொருள்கள் விற்பனைக்குரியவை அல்ல என்று ஏற்பட்டது. 1948 ஜனவரி 1-ம் தேதி அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 9-ம் ஷரத்து, நாட்டின் இயற்கைத் தோற்றத்தையும் சரித்திர, கலைச் செல்வத்தையும் காப்பது குடியரசின் கடமை என்று கூறுகிறது. ஸிக்ஸ்துஸின் கல்வெட்டில் முளைத்த சொல், சாசனத்தில் ஷரத்தாக முதிர்ந்தது.

தேசபக்தி இதைச் செய்தது என்று நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். இடையிலே முஸ்ஸோலினி வந்தான். அவனும் தேசபக்தியின் பேரால்தான் பேசினான். தன் சேனை அணிவகுத்துப் போக ஒரு ராஜபாட்டை வேண்டுமென்று, வெனீஸியச் சதுக்கத்திலிருந்து கொலோஸியம் வரையில், குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களை இடித்து, அவர்களை நகரத்தின் ஓரங்களுக்கு அனுப்பி, வெட்டி எடுத்த பழைய மண்டபத் தளங்களிலேயே பெரும்பகுதியைத் திரும்ப மூடி, 1932-ல் ரஸ்தா போட்டான். நாலாம் நூற்றாண்டில், 357-ம் வருஷம், கான்ஸ்டான்ஷியஸ் சக்கரவர்த்தி எகிப்திலிருந்து கொணர்ந்த ஒற்றைக்கல் ஸ்தம்பத்தைத் தேரோட்ட மைதானத்தில் நாட்டினார். அது இப்போது லாத்தரனில் நிற்கிறது. அந்த மைதானத்தின் பக்கத்திலேயே, அபிஸீனியாவைக் கைப்பற்றிய முஸ்ஸோலினி, அக்ஸூம் நகரத்தின் சுமார் 80 அடி உயரமுள்ள கல் ஸ்தம்பத்தை 1937-ல் நாட்டினான். 1947-ம் வருஷத்துச் சமாதான உடன்படிக்கையில் பதினெட்டு மாதத்துக்குள் திருப்பித் தருவதாக இத்தாலி ஒப்புக்கொண்டது. கல் ஊர் திரும்பியது 2005-ல். திரும்ப நிறுத்தப்பட்டது 2008-ல். லாவகூனுக்காக வாதாடிய நாடு, அக்ஸூமுக்காகத் தன் கையெழுத்தை நிறைவேற்ற 58 வருஷம் எடுத்துக்கொண்டது. அதே இத்தாலி, 1971-ல் தன் மண்ணிலிருந்து திருட்டுத்தனமாய்த் தோண்டப்பட்டு நியூயார்க் காட்சிசாலைக்கு விலைபோன பழைய கிரேக்க ஜாடியை விடாமல் வழக்காடி, 2008-ம் வருஷத்தில் திரும்பப் பெற்றது. வாங்குவதில் காட்டின சுறுசுறுப்பைக் கொடுப்பதில் காட்டவில்லை. இது இத்தாலியரின் குணம் மட்டுமன்று. எல்லாத் தேசத்தாரும் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய விஷயம்.

ஆகவே ரோமாபுரி கற்பிக்கும் தேசபக்தி இரண்டு வகைப்படும். ஒன்று, முன்னோர் பொருளை முரசாகக் கொட்டிப் பிறர் பொருளைப் பறிப்பது. மற்றொன்று, தன் பொருளுக்கு ஜாபிதா எடுத்து, கூரை ஒழுகாமல் காத்து, ஏழைக்கும் கதவைத் திறந்து, பிறர் பொருள் தன்னிடமிருந்தால் கேட்குமுன் கொடுப்பது. முன்னதற்கு ஒரு வெற்றி போதும். பின்னதற்குத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதும் பொறுமை வேண்டும். தேசத் தொண்டில் இறங்கியிருப்பவர்கள் தாங்கள் எந்த வகையைச் சேர்ந்தவர்கள் என்பதை மேடையில் பேசும் பேச்சால் அறிய முடியாது. தங்கள் ஊரில் இடிந்து கிடக்கும் பழைய கட்டடத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நகரசபைக் கூட்டத்தில் எழுப்பி, விடை வரும்வரையில் உட்காராமல் நிற்கிறார்களா என்பதைக் கொண்டே அறியலாம்.